கச்சானுக்கு நின்ற மரங்கள்

திருச்செந்தூர் முருகன் கோயிலில் விபூதியைப் பன்னீர் இலையில் மடித்துத் தருகிறார்கள். ஆதிசங்கரர் பாடியதாகச் சொல்லப்படும் சுப்பிரமணிய புஜங்கத்திலேயே இந்த இலை விபூதி வருகிறது, வழக்கம் பழையது. இலையின் நரம்புகளை எண்ணிப் பன்னிரண்டு என்று காட்டி, முருகனின் பன்னிரு கைகளோடு பொருத்திச் சொல்வார்கள் பக்தர்கள். மரத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் வேறு ஒரு பொருத்தமும் தெரியும். இந்துமாக்கடலின் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை மணற்பாங்கான கரைகளில் தானாக வளரும் மரம் இது. கட்டையாக உலரும் இதன் காய் கடல்நீரில் மிதந்து போய் வேறொரு கரையில் முளைக்கும். வெள்ளைப் பூ மாலையில் விரிந்து, இரவெல்லாம் மணந்து, விடியும்போது தரையில் கிடக்கும். அலை வந்து மோதும் இடத்தில் கோயில் கட்டியவர்களுக்கு, சாரலில் கருகாத இலை எதுவென்று தெரிந்திருக்கிறது.

வேம்பாறிலிருந்து மணப்பாடு வரை நீளும் முத்துக்குளித்துறைக் கரையில் மரம் வைப்பது எப்போதுமே உப்பு, காற்று, மணல் மூன்றோடும் போடுகிற சண்டைதான். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பினால் வாரக்கணக்கில் ஓயாது. மழை பெரும்பாலும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மட்டும். மற்ற மாதங்களில் கன்று பிழைப்பது தண்ணீர் சுமப்பவரின் கையில். இங்கே வீட்டு முற்றத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு அழகு கடைசியாகத்தான் வரும்; முதலில் அது நிற்குமா என்று பார்க்க வேண்டும், பிறகு அதனால் என்ன வேலை ஆகும் என்று.

சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்துக்கென்று எழுதிய மரப்பட்டியலைத் தோட்டக்காரர் கண்ணோடு படித்தால் வியப்பாக இருக்கும். புன்னை, தாழை, ஞாழல், தரையோடு படரும் அடும்பு. இவற்றில் புன்னையும் தாழையும் அடும்பும் இன்றைக்கும் கடலோர வனத் திட்டங்களில் இடம்பெறுகிற பெயர்கள். அடும்பங்கொடி மணலைப் பிடித்துக்கொள்ளும், அதன் பின்னால் தாழை வேலியாகும், தாழைக்குப் பின்னால் புன்னை தலை நிமிரும். நற்றிணையின் 172-ஆவது பாட்டில் சிறுமிகள் விளையாட்டாகப் புன்னை விதையை வெண்மணலில் அழுத்தி வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அது முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். உங்களைவிடச் சிறந்தவள், உங்கள் தங்கை இவள் என்கிறாள் தாய். வளர்ந்த பிறகு அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேசக் கூச்சம் வந்துவிடுகிறது. பாட்டின் நயம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டார் விதை போட்டு வளர்த்த ஒரு மரத்தைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய செய்திகளில் இதுவும் ஒன்று, அந்த மரம் கடற்கரை மரம்.

புன்னை இலை தடித்தது, எண்ணெய் தடவியது போல மினுங்கும். நெருங்கிப் பார்த்தால் நடுநரம்பிலிருந்து இரு பக்கமும் மயிரிழை மாதிரி நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். அந்தத் தடித்த தோல்தான் உப்புச் சாரலைத் தாங்குகிறது. உருண்டைக் காய்க்குள் இருக்கும் பருப்பை ஆட்டினால் பசுமை படர்ந்த எண்ணெய் வரும். கசப்பு, சமையலுக்கு ஆகாது. விளக்கெரித்தார்கள், வள்ளத்துப் பலகையில் பூசினார்கள். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்து ஊருக்குப் புன்னைக்காயல் என்று பெயர் நிலைத்ததில் வியப்பில்லை. போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கினார்கள். போர்ச்சுகீசிய மிஷனரி அண்டிரிக் அடிகளார் தமிழில் நூல்களை அச்சேற்றிய காலத்தில் அவருடைய பணிக்களங்களில் அதுவும் ஒன்று.

ஆறு வண்டல் தள்ளத் தள்ள இந்தக் கரையில் துறைமுகங்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. முதலில் கொற்கை, அப்புறம் மார்க்கோ போலோ பார்த்த காயல், அப்புறம் புன்னைக்காயல், கடைசியில் தூத்துக்குடி. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் நூல், கொற்கையில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளித்ததாகச் சொல்கிறது. இன்று கொற்கை கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே, வயலுக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு சிற்றூர். அங்கே பழைய வன்னிமரம் ஒன்று சாய்ந்து கிடந்தபடி தழைக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு மரம் என்பார்கள் ஊரார். வயதை அளந்து சொல்வது எளிதல்ல, ஆனால் வன்னியைத் தேர்ந்தவர்கள் தெரிந்துதான் தேர்ந்திருக்கிறார்கள்: வேர் ஆழம் போகும், வறட்சிக்கு அஞ்சாது, ஆடு தழை தின்னும், விறகாகும், கோயிலுக்கும் ஆகும். அந்த வன்னியின் அமெரிக்க உறவுக்காரன் ஒருவன் பின்னால் வரப்போகிறான்.

அதே ஆற்றங்கரையில், ஆழ்வார்திருநகரியில், நம்மாழ்வார் அமர்ந்ததாகச் சொல்லும் புளியமரம். இரவிலும் இலை கூம்பாததால் உறங்காப்புளி. கயத்தாறில் இன்னொரு புளி இருந்தது. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மரம். ராணி மங்கம்மாள் 1689-லிருந்து 1706 வரை மதுரையை ஆண்டபோது போட்ட சாலைகளிலும் நிழலுக்கு வைத்தவை ஆலும் புளியும்தான். ஆனால் இவையெல்லாம் உள்நாட்டுக் கரிசலிலும் ஆற்று வண்டலிலும் நின்றவை. கடலோரத்தின் தலைவலி வேறு.

அந்தத் தலைவலிக்குப் பெயர் தேரி. திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே குதிரைமொழித் தேரியில் நின்றால் கண்ணுக்கெட்டிய வரை செக்கச் சிவந்த மணல்மேடுகள். மணற்துகள் மேல் இரும்பு ஆக்சைடு படிந்ததால் வந்த நிறம். மனிதர்கள் இங்கே நெடுங்காலமாக இருந்திருக்கிறார்கள்: ராபர்ட் புரூஸ் ஃபூட் 19-ஆம் நூற்றாண்டிலேயே தேரிகளில் சிறு கற்கருவிகளைக் கண்டெடுத்தார், 1956-ல் சாய்னரும் ஆல்சினும் அவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வரும் கச்சான் இந்த மணலைக் கிழக்கே தள்ளும். தடுக்க ஏதும் இல்லையென்றால் வயல் மூடும், குளம் மேடாகும்.

தடுக்க இருந்தது உடைமரம். குடைவிரித்தது மாதிரி மேல்பக்கம் தட்டையாக, முள்ளும் சிறு இலையுமாக நிற்கும் இந்த வேலமரம் தென்னிந்தியாவின் தென்கோடிக்கும் இலங்கைக்கும் உரியது. காற்று அடிக்க அடிக்க அது உயரத்தை விட்டுவிட்டு அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். நெற்றுகள் ஆட்டுக்கு, முள் வேலிக்கு, கட்டை அடுப்புக்கு. தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் வேலமரத்திலிருந்து வெளிப்பட்டதாக வரலாறு சொல்வார்கள். அங்கே கார்த்திகை முடிவில் நடக்கும் கள்ளர் வெட்டுத் திருவிழாவில் இளநீர் வெட்டிய இடத்து மணலைப் பிடிப்பிடியாக அள்ளிக்கொண்டு போய் வயலிலும் வீட்டிலும் வைப்பது இன்றும் நடக்கிறது. வயலை மூடிவிடும் என்று பயந்த அதே மணலை வயலுக்கு வளம் என்று எடுத்துப் போகிறார்கள். இதைவிட நல்ல சமாதான உடன்படிக்கை இருக்க முடியாது.

உடைக்கு அடுத்தபடி பனை. இந்தப் பக்கத்து மணற்காட்டு ஊர்ப்பெயர்கள் பல 'விளை' என்று முடியும். பனை நின்ற நிலம் விளை. மாசி, பங்குனியில் பாளை சீவத் தொடங்கினால் ஆடி வரை பதநீர்க் காலம். திளாப்பை மாட்டி, முருக்குத்தடியைச் சாய்த்து, அருவாப்பெட்டி இடுப்பில் ஆட, பனையேறி ஒரு நாளைக்கு இருமுறை ஏறுவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். விடிலியில் காய்ச்சினால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. ஆடி கழிந்து பழம் உதிரும். ஆவணி, புரட்டாசியில் கொட்டையை மண்ணில் புதைத்துவிட்டால் ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். மார்கழி, தையில் தோண்டினால் பொங்கலுக்குப் பனங்கிழங்கு. தோண்டாமல் விட்டதெல்லாம் வடலி. வடலி பாளை விட ஏறக்குறைய பதினைந்து, இருபது ஆண்டு. நட்டவர் குடிப்பதற்காக யாரும் பனை நடுவதில்லை.

பனையின் பயன்கள் 801 என்று 'தால விலாசம்' என்ற தமிழ் நூல் கணக்குப் போட்டது. 1850-ல் கொழும்பில் வில்லியம் ஃபெர்குசன் பனைக்கென்றே எழுதிய ஆங்கில நூலில் அதை எடுத்துச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு கால்டுவெல் திருநெல்வேலிப் பனங்காட்டு மக்களைப் பற்றித் தன் நூலை வெளியிட்டிருந்தார். மட்டையின் அடிப்பாகத்தை அடித்து எடுத்த தும்பு தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போய் ஐரோப்பியத் துடைப்பங்களிலும் தூரிகைகளிலும் சேர்ந்தது. முத்துச் சலாபம் நடந்த காலங்களில் கரையில் திடீரென்று எழும்பும் கூடாரப் பட்டணமும் பனையோலையால் ஆனதுதான். பங்குனி, சித்திரையில் வந்து கூடி, குளிப்பு முடிந்ததும் ஓலை பிரிந்து மணல் மட்டும் கிடக்கும். இந்தக் கரையில் கடைசிச் சலாபம் 1961-ல்.

மணற்காட்டில் திட்டமிட்டுத் தோட்டம் போட்டவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் மெஞ்ஞானபுரத்து ஜான் தாமஸைச் சொல்லலாம். 1838 வாக்கில் வந்து 1870-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்த மிஷனரி. மணற்புயல் அடிக்கும் வெட்டவெளியில் முதலில் அவர் செய்தது கிணறு வெட்டியது. தேரிக்கு அடியில் நல்ல தண்ணீர் உண்டு. மழை முழுவதையும் குடித்துவிட்டு மணல் அதைச் சேர்த்து வைக்கிறது. தண்ணீர் கிடைத்ததும் தென்னையும் வாழையும் நிழல்மரங்களும் வந்தன, தெருக்கள் நேராயின. தேவாலயத்துக் கோபுரத்தைப் புகைப்படம் எடுப்பவர்கள் அந்தக் கிணறுகளை எடுப்பதில்லை.

கப்பலில் வந்த செடிகளின் கதை இன்னொரு கிளை. பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்த முந்திரியை இந்தப் பக்கத்தில் கொல்லாம்பழ மரம் என்பார்கள். மண்ணரிப்பைத் தடுக்கும் மரம் என்ற பெயரோடு அது தேரிக்குள்ளும் ஏறியது. தூத்துக்குடி மக்ரூனில் முட்டை வெள்ளைக்கருவோடும் சீனியோடும் சேர்வது அந்தக் கொட்டைதான். அரபு நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த நிலாவரைச் செடி இங்கே மானாவாரியில் செழித்து, 'தின்னவேலி சென்னா' என்ற பெயரில் தூத்துக்குடியில் கப்பலேறி உலகத்து மருந்துக்கடைகளுக்கெல்லாம் பேதிமருந்தாகப் போனது. மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில், பள்ளிமுனையில், 1477-ல் அரபு மாலுமிகள் வைத்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரம் இன்னும் நிற்கிறது. சுற்றளவு ஏறக்குறைய 19 மீட்டர். ஆப்பிரிக்காவின் மரம், முத்துக்கும் குதிரைக்கும் வந்தவர்களோடு வந்தது.

எல்லா வரவும் இப்படி அமைந்துவிடவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளியை வேலிக்கு உகந்தது என்று வைத்தார்கள். செந்நிறச் சாயம் தரும் பூச்சி வளர்க்கலாம் என்ற ஆசையில் 1795-ல் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். அது சாயப்பூச்சி அல்ல, வேறு இனம். சாயம் தேறவில்லை, பூச்சி கள்ளியைத் தின்றது. அந்தக் கள்ளி ஒழிந்த இடத்தை அதன் சகோதர இனம் பிடித்துக்கொண்டது. வேலிக்கு வைத்தது வயலுக்குள் வந்தது, தரிசெல்லாம் முள். 1926-ல் இலங்கையிலிருந்து இன்னொரு பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்தக் கள்ளியும் அடங்கியது. களையைப் பூச்சியால் அடக்கிய உலக வரலாற்றில் இது ஆரம்ப அத்தியாயம்.

பாடம் படித்தார்களா என்றால், கள்ளி அடங்கும் முன்பே அடுத்த விதை வந்திறங்கிவிட்டது. சென்னை மாகாண வன அதிகாரி பெடோம் 1876-ல் எழுதிக் கேட்க, 1877-ல் ஜமைக்காவிலிருந்து வந்த சீமைக்கருவேல விதையை ஆந்திரத்துக் கமலாபுரத்தில் விதைத்தார்கள். கொற்கை வன்னியின் உறவுக்காரன் இதுதான். தாவரவியலார் இரண்டையும் நெடுங்காலம் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். வறட்சியிலும் பச்சை, உவர்மண்ணிலும் வளர்ச்சி, விறகுப் பஞ்சத்துக்கு விடை. பிற்பாடு வானம் பார்த்த பூமியிலெல்லாம் இதைப் பரப்பினார்கள். கண்மாய்க்குள் புகுந்தது, உடைமரம் நின்ற இடத்தையும் எடுத்துக்கொண்டது. விளாத்திகுளம் பக்கம் பலருக்குக் கரிமூட்டம்தான் பிழைப்பு என்று ஆனதையும் மறைக்க முடியாது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை வேரோடு எடுக்கச் சொன்னபோது, அந்தக் கரிக்காரர் வேறு எங்கே போவார் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

இந்தக் கரையில் மரத்தை மிகக் கறாராகத் தேர்ந்தவர்கள் ஓடாவிகள். தோணிக்கு வங்கு வைக்க நேரான மரம் உதவாது; இயற்கையாக வளைந்த கிளை வேண்டும். கருவேலத்திலும் வாகையிலும் பூவரசிலும் அந்த வளைவைத் தேடுவார்கள். காற்று முறுக்கிய மரத்துக்கு விலை கூடும் ஊர் இது. பூவரசு எல்லா வீட்டிலும் நின்றது. மழைக்கு முன் ஒரு போத்தை வெட்டி ஊன்றினால் போதும், தளிர்த்துவிடும். காலையில் மஞ்சளாக விரியும் பூ சாயங்காலம் செம்மை ஏறி வாடும். இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளை கிடையாது. வேலிக்குக் கிளுவையும் அதே மாதிரிப் போத்தில் வரும். மதில்சுவர் வந்த பிறகு அதன் வேலை போய்விட்டது.

மன்னார் வளைகுடாத் தீவு ஒன்றுக்கும் பூவரசன்பட்டி என்று பெயர் இருந்தது. சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டியெடுத்த பிறகு அலையைத் தடுக்க ஆளில்லாமல் அந்தத் தீவு கடலுக்குள் போய்விட்டது. விலங்குச்சல்லிக்கும் அதே கதி. 21 தீவுகள் என்று 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்ததில் மிச்சமிருப்பவற்றில், தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காரியச்சல்லியைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

தூத்துக்குடி நகரத்துக்குள் வீட்டுத் தோட்டம் என்பது ஏறக்குறைய நூறு வயதுப் பழக்கம். அதற்கு முன் குடிக்கவே தண்ணீர் அரிது. நகராட்சித் தலைவராக 1909-லிருந்து 1927 வரை பலமுறை இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார். குழாய் வந்த பிறகுதான் முற்றத்தில் மல்லிகையும் அரளியும் நந்தியாவட்டையும் நின்றன. கடற்கரைச் சாலையில் ரோச் பூங்கா இருக்கிறது. சுற்றி உப்பளம், உவர் ஏறிய மண்ணில் குழி தோண்டி, மண்ணை மாற்றி, வண்டல் போட்டு நிரப்பாமல் பூச்செடி பிடிக்காது.

தொழிற்சாலைகள் வந்தபின் மரம் வைப்பது சட்டப் பிரச்சினையும் ஆனது. ஸ்டெர்லைட் ஆலைக்கு 1994-ல் அனுமதி கொடுத்தபோது, சுற்றிலும் 250 மீட்டர் அகலத்துக்குப் பசுமை வளையம் வேண்டும் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஆலை கேட்டுக்கொண்டதன் பேரில் அது 25 மீட்டராகச் சுருங்கியது. 250-லிருந்து காணாமல்போன அந்தப் பூஜ்யம் 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை பேசப்பட்டது. காற்றை வடிகட்ட மரம் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகு அதன் அகலத்தில் பேரம் நடந்தது விசித்திரம்தான்.

2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு 76 லட்சம் பனங்கொட்டை விதைக்கப் பணம் ஒதுக்கியது, பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றது. செங்கல் சூளைக்குப் போன பனைகளின் கணக்கைப் பார்த்தால் தாமதம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது; அந்தப் பகுதியில் ஆண்டு முழுக்கவே அவ்வளவு பெய்வதில்லை. ஐப்பசியில் நட்டால் மழை பார்த்துக்கொள்ளும் என்ற பழைய நாட்காட்டியை இனி எவ்வளவு நம்புவது என்று வனத்துறையும் விவசாயிகளும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கிடையே நாற்றுப் பண்ணைகளில் இன்னொரு அமெரிக்க விருந்தாளி வரிசையாக நின்றது: கோனோகார்பஸ். உப்பு தாங்கும், ஆடு கடிக்காது, வெட்டி விட்டால் மதில் மாதிரி அடர்ந்து நிற்கும், சீக்கிரம் உயரும். கடலோர வீட்டுக்காரருக்கு இதைவிடச் சுலபமான மரம் கிடையாது. வேர் குழாய்களுக்குள் புகுவதாலும் மகரந்தம் மூச்சுக்கோளாறு தருவதாகப் புகார் எழுந்ததாலும் குஜராத் 2023-ல் தடை போட்டது. 2025-ல் தமிழ்நாடு அரசும் நடக்கூடாது என்று உத்தரவிட்டது. எடுத்த இடத்தில் வைக்கப் பண்ணைக்காரர் புங்கையும் வேம்பும் பூவரசும் காட்டுவார், கேட்டால் புன்னையும் எடுத்துத் தருவார். கோனோகார்பஸ் ஓரிரு ஆண்டில் மறைத்த மதிலை மறைக்கப் புன்னைக்கு இன்னும் பல ஆண்டு ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்.